கால்பந்தை வீழ்த்தியது யார்?

கிரிக்கெட்தான் என்று அடித்துச் சொல்கிறார்கள் தங்கவயலின் மூத்த ரசிகர்கள். கணக்கைப் புரட்டினால் பழி வேறு இடத்தில் போய் விழுகிறது.

ஊரிகம் ரயில் நிலையத்தைச் சுற்றிப் பார்வையை ஓடவிட்டால் ஒரு நூற்றாண்டு கண்ணில் படும். ஒரு பக்கம் சயனைடு மேடுகள்: தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சக்கை மண் சிறு குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. இன்னொரு பக்கம் துருவேறிய இரும்புக் கோபுரங்கள், தொழிலாளர்களின் லைன் வீடுகள், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஷிஃப்ட் மாறும் நேரத்தை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்த சங்கு அதோடு ஓய்ந்தது. ஓயாத சங்கதி ஒன்று உண்டு. அது விளையாட்டைப் பற்றிய வாக்குவாதம்.

கோலார் தங்கவயலின் மூத்த ரசிகர் என்று இங்கே சொல்வது ஒரு தனி மனிதரை அல்ல, ஒரு தலைமுறையை. பூமிக்கடியில் வேலை பார்த்தவர்கள், அல்லது வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். ரேடியோவில் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்கள். 1986 மெக்சிகோ உலகக் கோப்பையில் மரடோனாவைத் தூர்தர்ஷனில் பார்த்தபோதே நடுவயதை எட்டிவிட்டவர்கள். இவர்களுக்குக் கால்பந்து, ஹாக்கி, தடகளம், கிரிக்கெட் என்று எல்லாவற்றைப் பற்றியும் கருத்து உண்டு. எந்தக் கருத்தையும் தாழ்ந்த குரலில் சொல்வதில்லை.

அந்தக் கருத்துகளைச் சுருக்கினால் மூன்று புகார்கள் தேறும். ஒன்று, வெறுங்காலில் ஆடிய நம்மவர்களுக்குப் பயந்து உலகக் கோப்பையில் இந்தியாவை ஆடவிடாமல் செய்துவிட்டார்கள். இரண்டு, செயற்கைப் புல்லை விரித்து ஹாக்கியைப் பறித்துக்கொண்டார்கள். மூன்று, எஞ்சியிருந்த எல்லாவற்றையும் கிரிக்கெட் விழுங்கிவிட்டது. இந்தியா முழுவதும் டீக்கடைகளில் கேட்கும் புகார்கள்தான். ஆனால் தங்கவயலில் கேட்கும்போது அவற்றுக்குக் கூடுதலான எடை உண்டு. விளையாட்டு ஓர் ஊரில் எப்படிப் பிறக்கிறது, எப்படித் தேய்கிறது என்பதைக் கண்கூடாகப் பார்த்த ஊர் இது.

கார்ன்வாலிலிருந்து வந்த பந்து

1880ல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியது. தொழில் தெரிந்தவர்களை இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருக்கும் கார்ன்வாலிலிருந்து கொண்டுவந்தது. தகரமும் செம்பும் தோண்டிப் பழகிய கைகள் அவை. மேற்பார்வைக்கு ஆங்கிலோ இந்தியர்களும் இத்தாலியர்களும், காவலுக்குப் பஞ்சாபிகளும் வந்தார்கள். உயிரைப் பணயம் வைத்துப் பாறையை உடைக்க வந்தவர்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் ஏழை விவசாயக் கூலிகள். பெரும்பாலும் தமிழர்கள்; அவர்களிலும் பெரும்பாலும் தலித்துகள். 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது, இந்தியாவின் பெரும்பாலான நகரங்கள் விளக்கெண்ணெயில்தான் இருந்தன.

வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் கட்டிக்கொண்டார்கள். கோல்ஃப் திடல் அமைத்தார்கள். டென்னிஸ், பில்லியர்ட்ஸ், கிரிக்கெட் எல்லாம் வந்தன. தொழிலாளிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மட்டையும் வலையும் வெள்ளைச் சீருடையும் அவனுடைய கூலிக்கு எட்டுவதாகவும் இல்லை. எட்டியது கால்பந்து. ஒரு பந்து, கொஞ்சம் சமதளம், இருபத்திரண்டு பேர். செருப்புகூட வேண்டாம். கல்கத்தாவிலும் பெங்களூர் கன்டோன்மென்டிலும் வடசென்னையிலும் ஏழைகள் கால்பந்தைப் பிடித்துக்கொண்டதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கேயும்.

சுரங்க நிர்வாகத்துக்கும் இது வசதியாக இருந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, சுடும் பாறைகளுக்கு நடுவே எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வருகிறவன் சாராயக் கடைக்குப் போவதைவிட மைதானத்துக்குப் போவது நல்லது என்பது நிர்வாகத்தின் கணக்கு. சுரங்கத்துக்குச் சுரங்கம் போட்டி மூண்டது. சாம்பியன் ரீஃப், மைசூர் மைன், நந்திதுர்க்கம் என்ற பெயர்கள் வேலை செய்யும் இடத்தை மட்டும் குறிக்கவில்லை. யார் எந்தக் கட்சி என்பதையும் குறித்தன.

இந்த மண் ஓர் ஒலிம்பிக் வீரரையும் தந்தது. கென்னத் பவல் கோலாரில் பிறந்தவர். பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். 2022 டிசம்பரில் காலமானார். அவருடைய வாழ்க்கையில் கவனிக்க வேண்டியது ஓட்டத்தின் வேகம் மட்டுமல்ல, அது சென்ற பாதையும்தான். தங்கவயலில் தொடங்கி, ஒரு பொதுத்துறை வேலையைத் தொட்டு, ஒலிம்பிக்குக்குப் போன பாதை. அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பது போகப்போகத் தெரியும்.

வெறுங்கால் கதை

முதல் புகாரை எடுத்துக்கொள்வோம். 1950ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தது உண்மை. தகுதிச் சுற்றில் இருந்த மற்ற ஆசிய நாடுகள் விலகிக்கொண்டதால் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கிடைத்த இடம் அது. இந்தியா போகவில்லை என்பதும் உண்மை. வெறுங்காலில் ஆட அனுமதி மறுத்ததால் போகவில்லை என்பது மட்டும் கட்டுக்கதை. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்பதற்கே பிரேசில் முன்வந்தது. நீண்ட கப்பல் பயணம், போதிய பயிற்சி இல்லாமை, அணித் தேர்வுச் சச்சரவு என்று பல காரணங்கள் பேசப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. அன்றைய இந்தியக் கால்பந்து அதிகாரிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிது. உலகக் கோப்பை இன்னொரு போட்டி, அவ்வளவே. தடுத்தவர் எவரும் இல்லை. நாமே போகாமல் இருந்துவிட்டோம்.

ஆனால் வெறுங்கால்களின் பெருமை பொய்யல்ல. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சை எதிர்கொண்டது. நம் அணியில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் இறங்கினார்கள். இரண்டு பெனால்டி வாய்ப்புகளைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியா சர்வதேசக் கால்பந்தில் போட்ட முதல் கோல், மைசூர் சமஸ்தானத்திலிருந்து போன ஒரு தமிழ்ப் பெயருக்குச் சொந்தமானது. அதே அணியில் இருந்த அகமது கானும் தன்ராஜும் பிறகு கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் 'பஞ்ச பாண்டவர்'களில் இருவராகப் புகழ்பெற்றார்கள்.

அதற்கு முன்பே பெங்களூர் தன் பலத்தைக் காட்டியிருந்தது. பட்டாளத்து அணிகள் கோலோச்சிய பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை 1937ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் வென்றது. மறு ஆண்டும் வென்றது. தேசிய அளவிலான சந்தோஷ் டிராபியை மைசூர் 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என்று நான்கு முறை வங்காளத்தின் கண்ணெதிரே தூக்கிச் சென்றது. ஊரிகத்து ரசிகர் இந்த ஆண்டுகளைப் பிள்ளைகளின் பிறந்த வருடம் போல நினைவில் வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

வெறுங்காலின் எல்லையையும் அந்தக் காலமே காட்டியது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று இந்தியாவைப் புரட்டிப்போட்டது. பூட்ஸ் கட்டாயமானது அதன் பிறகுதான். 1956 மெல்போர்னில் நெவில் டிசோசாவின் மூன்று கோல்களுடன் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று இந்தியா நான்காவது இடம் பிடித்தது. அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியா வென்ற ஆட்டம் அது ஒன்றுதான் என்பதை மூத்த ரசிகர் சொல்வதில்லை. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பெற்ற தங்கம் வேறு ரகம். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்ற அணியில் பீட்டர் தங்கராஜும் அருமைநாயகமும் இருந்தார்கள். அது தயவில் கிடைத்ததல்ல, ஆடி வாங்கியது.

புல்லும் பணமும்

இரண்டாவது புகார் ஹாக்கியைப் பற்றியது. இதில் மூத்த ரசிகர் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் உண்டு. 1975ல் கோலாலம்பூர் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்த 1976 மான்ட்ரியலில் ஏழாவது இடத்துக்கு இறங்கியது. 1980 மாஸ்கோவில் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் செயற்கைத் தரையிலேயே தங்கம் கிடைத்தது. ஆனால் பல முன்னணி நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன.

செயற்கைத் தரை ஏதோ வெளிநாட்டுச் சதி என்பதைவிட அதன் விலையைப் பார்ப்பது நல்லது. ஒரு தரை விரிக்கக் கோடிகள் தேவை. தண்ணீர் தெளிக்க வேண்டும், பராமரிக்க வேண்டும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். ஐரோப்பாவில் ஒரு சிற்றூருக்கும் அது கிடைத்தது. இந்தியாவில் தலைநகரங்களுக்குக் கிடைக்கவே ஆண்டுகள் பிடித்தன. கட்டாந்தரையில் மட்டை பிடித்துப் பழகிய தங்கவயல் போன்ற ஊர்களின் பையன்கள் அந்த நொடியிலேயே ஆட்டத்துக்கு வெளியே போய்விட்டார்கள். ஒடிசா அரசு பணம் போட்டு, தரைகள் விரித்து, தேசிய அணியையே தத்தெடுத்த பிறகு 2021ல் டோக்கியோவிலும் 2024ல் பாரிசிலும் வெண்கலம் வந்தது. திறமை எங்கும் போகவில்லை. போனது தரை.

குற்றவாளிக் கூண்டில் கிரிக்கெட்

மூன்றாவது புகார்தான் எல்லோருக்கும் பிடித்தது. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். அன்றோடு மற்ற விளையாட்டுகள் தொலைந்தன என்பது வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. காலண்டர் ஒத்துவரவில்லை.

இந்தியக் கால்பந்து அணி கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 1960ல், ரோமில். ஆசியப் போட்டியில் கடைசியாகப் பதக்கம் வாங்கியது 1970ல், பாங்காக்கில். ஜப்பானும் கொரியாவும் ஈரானும் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்த காலம் அது. அந்நாடுகள் பள்ளியிலிருந்தே ஆட்டக்காரர்களைத் தயார் செய்தன. நாம் கல்கத்தாவின் இரண்டு மூன்று கிளப்புகளை நம்பிக்கொண்டிருந்தோம். கபில்தேவ் கோப்பையைத் தொடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கால்பந்து இறங்குமுகத்தில் இருந்தது. பிறகு வந்தவர் மீது கொலைப் பழியைச் சுமத்துவது எப்படி?

போதாக்குறைக்கு, மூத்த ரசிகர் கிரிக்கெட்டை வெறுப்பவரும் அல்ல. 1973-74 ரஞ்சிப் பருவத்தைப் பேச்சில் இழுத்தால் போதும். தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் கோப்பையை விட்டுக்கொடுக்காத பம்பாயை அரையிறுதியில் கவிழ்த்து, கர்நாடகம் முதன்முறையாக வென்ற கதையைப் பிரசன்னாவின் பந்து சுழன்ற கோணம் வரை சொல்வார். தமிழ் பேசும் ஊர், கர்நாடக அணி. கர்நாடகமும் தமிழ்நாடும் மோதும்போது யார் பக்கம் என்ற சங்கடமான கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதில் உண்டு.

கிரிக்கெட் செய்த காரியம் வேறு. தொண்ணூறுகளில் தொலைக்காட்சி உரிமையை விற்கலாம், அதுவும் பெரும் தொகைக்கு விற்கலாம் என்று அது கண்டுகொண்டது. 1993 ஹீரோ கோப்பையை ஒளிபரப்புவது யார் என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒலி ஒளி அலைகள் பொதுச் சொத்து என்று 1995ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசுத் தொலைக்காட்சியின் ஏகபோகம் முடிந்தது. வந்த பணத்தைக் கிரிக்கெட் வாரியம் மைதானங்களிலும் ஆட்டக்காரர்களின் சம்பளத்திலும் போட்டது. கால்பந்து நிர்வாகிகள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால் மூத்த ரசிகரும் கொஞ்சம் மௌனமாகிவிடுவார். அடுத்த வீட்டுக்காரன் பணக்காரனானதால் நம் வீட்டு அடுப்பு அணைவதில்லை. நம் வீட்டில் விறகு தீர்ந்திருக்க வேண்டும்.

விறகு எங்கே போனது?

அந்த விறகின் பெயர் வேலை. ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை இந்தியாவில் ஓர் ஏழைப் பையன் கால்பந்தை நம்பி வாழ்க்கையை நடத்த முடிந்ததற்குக் காரணம் கிளப் கொடுத்த சம்பளம் அல்ல. நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ வங்கியிலோ பொதுத்துறை ஆலையிலோ நிரந்தர வேலை கிடைக்கும். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம். முட்டி உடைந்தாலும் வேலை இருக்கும். ஓய்வுபெற்றால் பென்ஷன் வரும். பெற்றோர் பிள்ளையைத் தடுக்காமல் மைதானத்துக்கு அனுப்பியது இந்த உத்தரவாதத்தை நம்பித்தான்.

இந்த ஏற்பாட்டின் உச்சத்தைக் காட்டியது பெங்களூர். 1977ல் முதல் ஃபெடரேஷன் கோப்பை எர்ணாகுளத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 1-0 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது ஐ.டி.ஐ. கென்னத் பவலுக்கு வேலை கொடுத்த அதே டெலிபோன் தொழிற்சாலை. எச்.ஏ.எல். அணி 2011-12 வரை ஐ-லீகில் ஆடியது. இந்தத் தொழிற்சாலைகளின் அணிகளைச் சுற்றித்தான் பெங்களூரின் ஆட்டம் சுழன்றது. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்த தங்கவயல் பையனுக்கு இரண்டு வாசல்கள் திறந்திருந்தன: உள்ளூரில் சுரங்கமும், 1964ல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் ஆலையும், வெளியூரில் பெங்களூரின் பொதுத்துறை நிறுவனங்கள்.

1991க்குப் பிறகு அந்த வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பொதுத்துறை ஆளெடுப்பைக் குறைத்தது. நஷ்டக் கணக்கு எழுதும் ஆலைக்குக் கால்பந்து அணி ஓர் ஆடம்பரம். டெலிபோன் சந்தை தனியாருக்குத் திறந்தபின் ஐ.டி.ஐ.யே தள்ளாடியது. சுரங்கத்தின் கதை இன்னும் மோசம். 1956ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டு, பிறகு மத்திய அரசின் கைக்குப் போய், 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயர் பெற்ற நிறுவனம், 800 டன்னுக்கும் மேல் தங்கம் கொடுத்த பூமியை 2001ல் பூட்டிவிட்டுப் போனது.

சுரங்கத்தோடு போனது சம்பளம் மட்டுமல்ல. மாலை நேரமும் போனது. இன்று தங்கவயலின் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்தும் சாம்பியனிலிருந்தும் ஊரிகத்திலிருந்தும் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வளவே. இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன் எந்த வெளிச்சத்தில் பந்தை உதைப்பான்? கிரிக்கெட் இந்த ஊரின் கால்பந்தைக் கொல்லவில்லை. ரயில் அட்டவணை கொன்றது என்றால் அது உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும்.

அதே கார்ன்வால், வேறு கதை

சுரங்கம் மூடினால் ஆட்டமும் மூடத்தான் வேண்டுமா? உலகின் வேறு சுரங்க ஊர்கள் வேறு பதில் சொல்கின்றன.

மெக்சிகோவின் பச்சூகா வெள்ளிச் சுரங்க நகரம. அங்கேயும் தொழில் தெரிந்தவர்களாகப் போனவர்கள் கார்ன்வால்காரர்கள். தங்கவயலுக்கு வந்த டெய்லர் குடும்பத்தின் மூத்தவரான ஜான் டெய்லர்தான் 1820களில் அங்கேயும் ஆங்கிலேய முதலீட்டைக் கொண்டுபோனவர். அந்தச் சுரங்கத்தார்கள் தொடங்கிய பச்சூகா கிளப் இடையில் கலைந்து மீண்டும் எழுந்தது. இன்று மெக்சிகோவின் முதல்நிலை லீகில் ஆடுகிறது. பல முறை பட்டமும் வென்றிருக்கிறது. மெக்சிகோ கால்பந்தின் தொட்டில் என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நிலக்கரி ஊர். அங்கே 1904ல் பிறந்த ஷால்கே கிளப்பின் செல்லப்பெயரே சுரங்கத் தொழிலாளிகள் என்று பொருள்படும். ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. கிளப் மூடப்படவில்லை. ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் வரும் வழி இன்னமும் சுரங்கப் பாதை போலவே அலங்கரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள். அணி முதல் டிவிஷனிலிருந்து இறங்கியபோதும் கட்டினார்கள்.

வேறுபாடு இதில்தான் இருக்கிறது. ஷால்கேவில் கிளப் உறுப்பினர்களுடையது. சுரங்கம் அதன் பக்கத்து வீடு. தங்கவயலில் அணி, மைதானம், பந்து, கோல் கம்பம் எல்லாம் கம்பெனியுடையவை. கம்பெனி கொடுத்தது தாராளமாகவே இருந்திருக்கலாம். ஆனால் கொடுத்தது எதுவும் ஊரின் பெயருக்கு எழுதித் தரப்படவில்லை. கம்பெனி போனபோது ஊரிடம் மிஞ்சியவை நினைவும் வாக்குவாதமும்தான்.

பீலே நிற்கும் தெரு

கம்பெனி இல்லாமலும் ஆட்டம் பிழைக்கும் என்பதற்குச் சாட்சி தொலைதூரத்தில் இல்லை. பெங்களூர் அல்சூரை ஒட்டிய கௌதமபுரம் தமிழ்த் தலித் குடும்பங்கள் அடர்ந்து வாழும் பகுதி. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளுக்கு நடுவே பீலேயும் நிற்கிறார். உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் தெருவே மஞ்சளும் பச்சையுமாக மாறுகிறது. சென்னை வியாசர்பாடிக்கு 'மினி பிரேசில்' என்ற பெயர் வந்த கதையும் இதுதான். இங்கெல்லாம் மைதானத்தைக் காப்பாற்றியவர்கள் ஊர்க்காரர்கள். பயிற்சி கொடுப்பவர்களில் பலர் அதே தெருவில் ஆடி வளர்ந்தவர்கள்.

பெண்கள் ஆட்டத்தில் தமிழ்நாடு எழுந்ததும் கவனிக்க வேண்டியது. தேசியப் பட்டத்தை 2018லும் 2023லும் தமிழ்நாடு வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019ல் இந்திய மகளிர் லீகைக் கைப்பற்றியது. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறார். மைதானமும் வேலையும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

கர்நாடகமும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 2013ல் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி. முதல் பருவத்திலேயே ஐ-லீகை வென்றது. 2023 மார்ச்சில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்த சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டத்தில் கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்றது. மைசூர் என்ற பெயரில் கடைசியாக வென்று ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூத்த ரசிகருக்கு அது பாதி மகிழ்ச்சி. மீதிப் பாதி, அந்த அணியில் சேரும் அளவுக்குத் தன் ஊர் எத்தனை பையன்களைத் தயார் செய்கிறது என்ற கேள்வி.

ஒரு திடலின் விலை

பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் கையிலிருந்த நிலம் சுமார் 12,000 ஏக்கர். அதில் ஒரு பகுதியில் தொழிற்பேட்டை அமைக்க வேண்டும் என்று கர்நாடக அரசு பேசிவருகிறது. 2024 ஜூனில் மாநில அமைச்சரவை, சுமார் 1,000 ஏக்கரில் பரவிக் கிடக்கும் சயனைடு மேடுகளை மீண்டும் சலித்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வேலை வந்தால் ஊருக்கு நல்லது. காற்றில் பறக்கும் அந்தத் தூசி குறைந்தால் நுரையீரலுக்கும் நல்லது. இந்தப் பேரத்தில் மைதானங்களைப் பற்றிப் பேச ஊர்க்காரர்களுக்கு இதுதான் சமயம். பத்துப் பன்னிரண்டு ஏக்கர் திடலை நகரசபையின் பெயருக்கோ ஊரார் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தின் பெயருக்கோ எழுதி வாங்கிவிட்டால், அடுத்த கம்பெனி வந்தாலும் போனாலும் பந்து உருளும். வாங்காவிட்டால் 2001 மறுபடியும் வரும்.

புதிதாக வரும் ஆலைகளில் விளையாட்டு வீரர்களுக்குச் சில இடங்கள் ஒதுக்கச் சொல்வதும் புது யோசனையல்ல. ஐ.டி.ஐ. செய்தது அதைத்தான். உள்ளூரில் வேலை கிடைக்கிறவனுக்கு மாலை நேரம் மிஞ்சும். விடியற்கால ரயிலைப் பிடிக்கத் தேவையில்லாத ஒரு பையன், ஆறு மணி வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஓடினாலே ஓர் அணிக்கான தொடக்கம் அது.

கிரிக்கெட்டைத் திட்டுவது சுலபம், செலவில்லாதது. மூத்த ரசிகர்கள் இன்னும் பல வருடம் திட்டட்டும். ஆனால் அந்த வாக்குவாதத்தின் நடுவே அவர்கள் வழக்கமாகச் சொல்லிவிட்டுப் போகும் இன்னொரு விஷயம்தான் காதில் வாங்கிக்கொள்ள வேண்டியது: எந்த இடத்தில் கோல் கம்பம் இருந்தது, எந்தப் பக்கம் மேடு, மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்கும் என்ற விவரம். அந்தத் திடல்களின் எல்லை தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். சர்வேயர் வருவதற்குள் யாராவது அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.